இன்சுலின் இலவசம், அளவு பார்க்கக் காசு!



கோட்டைப்பட்டினத்திலோ, அம்மாபட்டினத்திலோ, கோபாலப்பட்டினத்திலோ ஏதேனும் ஒரு வீட்டில் பீரோவின் மேல்தட்டைத் துழாவிப் பாருங்கள். ஒரு சின்னக் கறுப்புப் பை கையில் தட்டுப்படும். ஜிப்பைத் திறந்தால் உள்ளே சர்க்கரை பார்க்கும் மெஷின்! சபுரிலிருந்து வந்த மகனோ மருமகனோ வாங்கி வந்தது. மெஷின் புத்தம் புதிதாக இருக்கும். பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரிப் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வராது. அப்படியே நான்கைந்து மிச்சமிருந்தாலும் அவற்றின் தேதி முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

என் தாய்மாமா வீட்டிலும் இப்படித்தான் கிடந்தது. அறந்தாங்கிப் பக்கம் குடியிருப்பவர். வயது 68. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் என்று இன்சுலின் போட்டுக்கொள்பவர். காய்ச்சலில் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஊசியை மட்டும் விடவில்லை. "டாக்டர் சொன்ன அளவு, நாமாகக் குறைக்கக் கூடாது" என்று மாமியிடம் சொல்லிவிட்டு வழக்கம்போலப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். சுப்ஹு தொழுகைக்கு எழுப்பப் போன மாமி, உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தவரைப் பார்த்து அலறிவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் சர்க்கரை 38! நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய கால் மணி நேரத்தில் கண் விழித்து, "எதுக்கு என்னை இங்கே கொண்டாந்தீக?" என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மாமி எழுப்பியிருந்தால்?

அந்த இன்சுலினை மாமாவுக்கு இலவசமாகக் கொடுத்தது அரசு. ஊசியைப் போடும் முன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உதவும் ஸ்ட்ரிப்பை மட்டும் அவரே கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அளவுகோலை விலைக்கு வாங்கிக்கொள் என்பது என்ன நியாயம்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாம் எழுதினால் அது அபாண்டம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்த திட்டம் அது. பெண் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடந்து பரிசோதனை செய்தார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இத்திட்டம் எதற்காகப் பிறந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2020இல் தமிழக அரசு நடத்திய 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், பெரியவர்களில் 17.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அப்படி நோயுள்ளவர்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 10.8 சதவீதம்! பத்துப் பேரில் ஒருவர்! மாத்திரை வாசலுக்கு வருவதால் இந்த எண் உயரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மாதம் ஒருமுறை தன்னார்வலர் வந்து விரலைக் குத்திப் பார்க்கும் எண் அந்த ஒரு நிமிடத்தின் எண்தான். இன்சுலின் போடுகிறவருக்கு இன்று காலை, இந்த ஊசிக்கு முன் எவ்வளவு என்பதுதான் தெரிய வேண்டும். அந்த ஒரு எண்ணுக்காக விடியற்காலையில் மீமிசலிலிருந்து பஸ் பிடித்து அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா? சிந்தித்துப் பாருங்கள்.

மேல்நாட்டிலேயே நிறுத்திவிட்டார்களே?

விஷயம் தெரிந்த ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வீட்டில் பார்ப்பதால் பிரயோசனமே இல்லை என்று ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள். இது ஸ்ட்ரிப் கம்பெனிகளின் வியாபாரம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் மறைக்க விரும்பவில்லை.

2007இல் பிரிட்டனில் இன்சுலின் போடாத 453 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டில் சர்க்கரை பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2017இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 450 பேரை ஓராண்டு கவனித்தார்கள். அங்கும் அதே முடிவு. இவற்றுக்கிடையே 2012இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஆறு மாதத்தில் சிறு பலன் தெரிகிறது, ஓராண்டில் அது தேய்ந்துவிடுகிறது என்றது. ஆஸ்திரேலிய அரசு 2016 ஜூலை முதல், இன்சுலின் போடாதவர்களுக்கு ஆறு மாதம் மட்டும் மானிய விலையில் ஸ்ட்ரிப் என்று குறைத்துவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவக் காரணம் காட்ட வேண்டும்.

வாசகர்களே, இந்த ஆய்வுகள் எல்லாம் யாரைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். இன்சுலின் போடாதவர்களைப் பற்றியவை! இன்சுலின் போடுகிறவருக்கு வீட்டில் அளவு பார்ப்பது வேண்டாம் என்று எந்த நாடும் சொல்லவில்லை. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்காதே என்று சொன்ன அதே வழிகாட்டியில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இன்சுலின் போடுபவர், சர்க்கரை தாழ்ந்து போன அனுபவம் உள்ளவர், கர்ப்பிணி, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே வாகனமோ இயந்திரமோ ஓட்டுபவர்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2013 ஆகஸ்டில் செய்தது இன்னும் தெளிவு. இன்சுலின் போடுபவருக்கு ஆண்டுக்கு 3,000 ஸ்ட்ரிப். சர்க்கரையைத் தாழ்த்திவிடும் ஆபத்துள்ள மாத்திரை சாப்பிடுபவருக்கு 400. மற்றவர்களுக்கு 200. சிக்கனம் வேண்டும் என்று கணக்குப் போட்ட அரசே கடைசி நோயாளிக்கும் 200 கொடுத்திருக்கிறது! நம் ஊரில் முதல் வரிசையில் நிற்பவருக்கும் பூஜ்யம்.

அந்த ஆய்வுகள் நமக்கு இன்னொன்றையும் கற்றுத் தருகின்றன. எண்ணைப் பார்ப்பதால் மட்டும் சர்க்கரை இறங்காது. 240 என்று பார்த்தார், பெருமூச்சு விட்டார், டீ குடிக்கப் போனார் என்றால் அந்த ஸ்ட்ரிப் குப்பைதான். எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். எழுதிவைத்த நோட்டை டாக்டரோ நர்ஸோ வாங்கிப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஸ்ட்ரிப்பை மட்டும் வாரி வழங்கினால் நண்பர் சொன்னதுபோலக் கம்பெனிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

நம் கடற்கரையின் கணக்கு

பிரிட்டனில் வாகனம் ஓட்டுபவரைச் சொன்னார்கள். நம் பகுதியில் யாரைச் சொல்வது? ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கரையில் ஒருவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆட்டோ இருக்கிறது. நடுக்கடலில் சுக்கானைப் பிடித்திருப்பவருக்குக் கை நடுங்கி, கண் இருண்டால்? கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர் வேளை தவறிச் சாப்பிட்டால் இது நடக்கக்கூடியதே. வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். இரவு முழுவதும் லாரி ஓட்டுகிறவருக்கும் இதே கதைதான்.

அடுத்து, நோன்பு. ரமலானில் நம்மவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்ட 'எபிடியார்' ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு பிடித்ததாகச் சொன்னது. அவர்களில், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்து போனது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்று ஆலிம்கள் மிம்பரில் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனாலும் நம் பெரியவர்கள் விடுவதில்லை. விடாதவரை, நோன்பு பிடிப்பவருக்குப் பாதுகாப்பு என்ன? சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி, சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை உடனே முறித்துவிடச் சொல்கிறது. 70 என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? தலை சுற்றும்வரை காத்திருப்பதா?

விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. இது தெரியாமல், "நோன்பு முறிந்துவிடும்" என்று பயந்து பகல் முழுவதும் பார்க்காமலே இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஷஃபான் மாதத்து ஜும்ஆ பயானில் ஒரே ஒரு நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதுமே!

பீரோவில் கிடக்கும் மெஷினுக்குத் திரும்புவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விற்கும் மெஷின்கள் மில்லிமோல் கணக்கில் காட்டும். அங்கே 7.2 என்றால் நம் டாக்டர் சொல்லும் கணக்கில் 130. 18ஆல் பெருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, மகன் வாங்கிவந்த மெஷினில் 7 என்று வந்ததைப் பார்த்து, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பதறி, ஒரு டம்ளர் சீனித்தண்ணீரைக் குடித்துவிட்டார். சிரிக்கலாம், ஆனால் அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை. அது போக, ஒரு கம்பெனியின் ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது. வெளிநாட்டு மெஷினுக்கு ஸ்ட்ரிப் கேட்டு மணமேல்குடி மருந்துக் கடையில் நின்றால் கடைக்காரர் கையை விரிப்பார். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் வாரிக்கொள்வதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

காசு எங்கே?

கடையில் 50 ஸ்ட்ரிப் கொண்ட டப்பா கம்பெனியைப் பொறுத்து 500 ரூபாயிலிருந்து 1,100 ரூபாய் வரை விற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆயிரம் ரூபாய் டப்பாவில் இதனால் மிச்சமாவது சுமார் 60 ரூபாய். நாளுக்கு இரண்டு முறை பார்ப்பவருக்கு மாதம் 60 ஸ்ட்ரிப் வேண்டும். அதாவது 600 முதல் 1,300 ரூபாய். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு குடும்பத் தலைவிக்கு அறிவிக்கப்பட்டதே மாதம் 1,000 ரூபாய்தான். அதை அப்படியே மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாமா?

நம் மாவட்டத்துக்கு என்ன செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இது நம் கணக்கு, அரசின் கணக்கல்ல. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள் தொகை 16.18 லட்சம். கிராமங்கள் மிகுந்த மாவட்டம் என்பதால் குறைத்தே, ஒரு லட்சம் பேருக்குச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10,000 பேர் இன்சுலின் போடுகிறார்கள் என்றும், மொத்தக் கொள்முதலில் ஸ்ட்ரிப் ஒன்று 8 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றும் கொள்வோம். நாளுக்கு ஒன்று வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 2 கோடியே 92 லட்சம். சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடும் 30,000 பேருக்கு ஆண்டுக்கு 100 வீதம் கொடுத்தால் இன்னொரு 2 கோடியே 40 லட்சம். ஆக, ஐந்தேகால் கோடி சொச்சம். மற்றவர்களுக்கு, நோய் புதிதாகத் தெரிந்த முதல் சில மாதங்களுக்கு மட்டும் ஒரு டப்பா போதும்.

இது பெரிய தொகையா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிசுக்குப் பணம் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆண்டு முழுவதும்! கொடுக்கத்தான் வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காப்பீடு, படுக்கையில் சேர்ந்த பின் கிடைக்கும் உதவி. வீட்டில் பார்க்கும் ஸ்ட்ரிப் அதில் வராது. சேர்வதற்கு முந்தைய செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்தான் அதிகாரிகள் விட்டிருக்கிறார்களோ என்னவோ!

கேரளத்தைப் பாருங்கள். 'வயோமதுரம்' என்ற திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷினை அம்மாநிலச் சமூக நீதித்துறை இலவசமாகத் தந்தது. முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு 'மிட்டாயி' என்று தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பும் 2023 அக்டோபரில் வெளியிட்ட அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியலில், நோயாளி தானே வைத்துப் பார்க்கும் குளுக்கோஸ் கருவியை முதன்முறையாகச் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் மருந்துகளை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்கென்றே 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்படும் கழகம். அதன் பட்டியலில் வீட்டுக்கான மெஷின், ஸ்ட்ரிப் இரண்டையும் ஏற்றினால் போதும். மாநிலம் முழுவதும் ஒரே வகை மெஷின் என்றால் ஸ்ட்ரிப் பொருந்தாத தொல்லையும் ஒழியும்.

"படிக்காத ஜனங்கள், ஊசியால் குத்தி எண்ணைப் பார்த்து எழுதிவைப்பார்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதுக்கோட்டையின் கதை தெரியாது. 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறியாத ஆயிரக்கணக்கான பெண்கள் மாலை வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் கற்றார்கள். அத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பொம்பளை சைக்கிள் விடுவதா என்று கேலி பேசிய தெருக்களில் விட்டார்கள். நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அன்று சைக்கிள் பழகிய பெண்கள்தாம் இன்று அறுபதைத் தொட்டுச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். 70க்குக் கீழே, 300க்கு மேலே என்ற இரண்டு எண்களை அவர்களுக்குச் சொல்லித் தர முடியாதா? வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், அவர் ஒரு நோட்டையும் கொடுத்து, அடுத்த மாதம் வரும்போது வாங்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜமாஅத்துகளும் இயக்கங்களும் வெளிநாட்டுச் சங்கங்களும் ஆண்டுக்கொரு மருத்துவ முகாம் நடத்துகின்றன. பேனர் கட்டுகிறோம், நூற்றுக்கணக்கானோருக்குச் சர்க்கரை பார்க்கிறோம், துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுக்கிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறோம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் என்ன செய்வார் என்று கேட்டதுண்டா? ஒரு முகாமுக்கு ஆகும் பந்தல், சாப்பாட்டுச் செலவில், ஊரில் இன்சுலின் போடும் பத்து ஏழைகளுக்குப் பல மாதங்களுக்கு ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுக்கலாம். பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இதை யோசிக்கட்டும். ஆனால் பைத்துல்மால் கொடுத்துவிடும் என்று அரசு கைகழுவ விடக்கூடாது. ஜமாஅத் இல்லாத ஊரின் மீனவருக்கும், கந்தர்வகோட்டையில் முந்திரிக் காட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் யார் கொடுப்பது?

ஆகவே இதை வீதிக்குக் கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்ட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்குப் போகும்போது கீழ்க்கண்ட தீர்மானத்தை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

"எங்கள் ஊராட்சியில் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இன்சுலின் பெறும் ஒவ்வொருவருக்கும், மருந்தோடு சேர்த்து மாதம் 30 ஸ்ட்ரிப்புகளும் ஒரு குளுக்கோமீட்டரும் இலவசமாக வழங்க வேண்டும். சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை பெறுவோர், கர்ப்பகால நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கும் மருத்துவர் குறிக்கும் எண்ணிக்கையில் வழங்க வேண்டும். பார்க்கவும், குறித்துவைக்கவும், எந்த அளவில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தன்னார்வலர் மூலம் கற்றுத்தர வேண்டும் என இந்தக் கிராம சபை தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறது."

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை வாங்கி, அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். போகும்போது பீரோவில் கிடக்கும் அந்தக் காலி டப்பாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.